சினிமா விண்கலம்: இந்த டிராயிங்கில் எந்த இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார்?

வெல்டிங்_வேலு:
ஒளியை மிஞ்சும் வேகம், வார்ப், ஹைப்பர்டிரைவ் இதையெல்லாம் இந்த இழையில் தொட வேண்டாம். அது கதைக்காரர் கேட்கும் வரம், கொடுத்துவிடலாம். மிச்சத்தைப் பற்றித்தான் கேள்வி. என்ஜினை எங்கே மாட்டியிருக்கிறார்கள், தரை எந்தப் பக்கம், சூடு எந்த வழியாக வெளியே போகிறது, பாரத்தை எது தாங்குகிறது. அதாவது ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்புக்கு அந்த டிராயிங் வந்தால் நாம் என்ன கேட்போமோ அதை மட்டும் கேட்போம்.

நானே ஆரம்பிக்கிறேன். 1966 ஸ்டார் டிரெக் தொடரின் எண்டர்பிரைஸ் கலம். முன்னால் பெரிய தட்டு, அதற்கு ஒரு மெல்லிசான கழுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு உருளை, உருளையிலிருந்து குச்சி மாதிரி இரண்டு கை, கை முனையில் நீளமாக இரண்டு குழாய். சாதாரண வேகத்துக்கான இம்பல்ஸ் என்ஜின் தட்டின் பின் விளிம்பில் இருக்கிறது. சரி, அது தள்ளும்போது கீழே தொங்கும் உருளையையும் அந்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு போவது யார்? அந்தக் கழுத்துதான். மொத்த வளைவு விசையும் அந்த ஒரே இடத்தில். உந்துவிசைக் கோடு கலத்தின் நிறை மையம் வழியாகப் போக வேண்டும், கொஞ்சம் விலகினாலும் கலம் முன்னால் போவதற்குப் பதில் குட்டிக்கரணம் அடிக்கும். 2011வரை பறந்த நாசாவின் ஸ்பேஸ் ஷட்டிலைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அதன் மூன்று என்ஜினும் ஒரு சாய்வாக இருக்கும். வயிற்றில் கட்டியிருக்கும் பெரிய டேங்க் காலியாகக் காலியாக நிறை மையம் நகர்ந்துகொண்டே போகும், என்ஜினும் அதைத் துரத்திக்கொண்டே திரும்ப வேண்டும். நிஜத்தில் இதற்கு இவ்வளவு பாடு.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள் முறை.

டிராயிங்_போர்டு:
வேலு அண்ணா, நீங்கள் திட்டும் அந்த டிசைனுக்குப் பின்னால் யோசனை இல்லாமல் இல்லை. வரைந்தவர் மேட் ஜெஃப்ரிஸ், விமானம் ஓட்டத் தெரிந்தவர். அவ்வளவு சக்தியுள்ள என்ஜின் ஆபத்தானது, அதை ஆட்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்றுதான் அந்த இரண்டு குழாயையும் எட்டத்தில் கொண்டுபோய் மாட்டினார். அணு உலை வைத்த கலத்தை இன்று பேப்பரில் வரையும் எந்தக் குழுவும் இதையேதான் செய்கிறது. நீளமான சட்டம், ஒரு முனையில் உலை, மறு முனையில் ஆட்கள். கதிர்வீச்சுத் தடுப்பை எல்லாப் பக்கமும் சுவர் கட்டாமல் நடுவில் ஒரே தட்டாக வைத்துவிட்டால் போதும், அதன் நிழலில் ஆட்கள் இருந்துகொள்ளலாம், பல டன் மிச்சம்.

இன்னொன்றும் சொல்வார்கள். எண்டர்பிரைஸின் வெளிப்புறம் மொழுமொழுவென்று இருப்பதற்கும் அவர்தான் காரணம். பழுது பார்க்க வேண்டியதை வெளியே வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒருவன் ஸ்பேஸ் சூட் மாட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும், உள்ளே வை என்றார். அது ஒரு மெக்கானிக்கின் புத்தி. அந்தத் தொடரில் ஆட்கள் ஊர்ந்து போகும் பராமரிப்புக் குழாய்க்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

சும்மா_வந்தவன்:
இப்படி எல்லாம் நோண்டினால் படம் எப்படிப்பா பார்க்கிறீர்கள்

வெல்டிங்_வேலு:
நோண்டிக்கொண்டேதான். அதில்தான் பாதி சுகம்.

@டிராயிங்_போர்டு தள்ளி வைத்தது சரி, ஒத்துக்கொள்கிறேன். தள்ளி வைத்ததைத் தாங்க அந்தக் குச்சிக் கை போதாது என்பதுதான் என் வாதம். குறுக்குச் சட்டம் போட்டு முக்கோணமாகக் கட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஏசி_சரவணன்:
கழுத்து முறியுமா முறியாதா என்று நீங்கள் சண்டை போடுவதற்குள் உள்ளே இருப்பவர்கள் வெந்து போயிருப்பார்கள். என் தொழில் குளிரூட்டல், எனக்கு எல்லாமே சூடுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்வெளி குளிர் என்று எல்லாப் படமும் காட்டுகிறது, கண்ணாடி உடைந்ததும் ஆள் அடுத்த நொடி உறைந்து போகிறான். வெற்றிடம் என்பது பிளாஸ்க் சுவருக்குள் இருப்பதேதான். உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெப்பக் கதிர்வீச்சாக மட்டும்தான் வெளியேற முடியும், அது ரொம்ப மந்தமான வழி. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் கருப்புப் பரப்பு ஒரு பக்கத்தில் வெளியேற்றுவது சுமார் 460 வாட், அவ்வளவுதான். நம் வீட்டு ஒன்றரை டன் ஏசியின் வெளி யூனிட் ஆறரை கிலோவாட் போலச் சூட்டைத் தள்ளும், மாடியில் ஒரு மூலையில் சின்ன ஃபேனோடு உட்கார்ந்திருக்கும். அதே சூட்டை விண்வெளியில் தள்ள, இரண்டு பக்கமும் வேலை செய்கிற பலகை 7 சதுர மீட்டர் வேண்டும். ஒரு படுக்கையறை ஏசிக்கு!

சர்வதேச விண்வெளி நிலையத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். சோலார் இறக்கைகள் எல்லோர் கண்ணிலும் படும். அவற்றுக்குக் குறுக்கே வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் பலகைகள்தான் ரேடியேட்டர். உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கும், வெளியே அமோனியா அதை வாங்கிக்கொண்டு போய் அந்தப் பலகைகளில் விடும். தண்ணீரை வெளியே விட்டால் உறைந்து குழாயை வெடிக்க வைக்கும், அமோனியாவை ஆட்கள் இருக்கும் இடத்தில் விட்டால் கசிந்து கொல்லும், அதனால்தான் இரண்டு சுற்று. இவ்வளவும் செய்து அந்த முதன்மை அமைப்பு வெளியேற்றக்கூடியது 70 கிலோவாட். நம் ஊர் கல்யாண மண்டப ஏசி லோடு இதைவிட அதிகம்.

இப்போது சொல்லுங்கள், ஒரு கிரகத்தையே உடைக்கும் ஆயுதத்தைச் சுமந்துகொண்டு போகும் போர்க்கலத்தில் ஒரு ரேடியேட்டராவது கண்ணில் படுகிறதா?

பௌதிக_வாத்தி:
சரவணன் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. வெளியேறும் சூடு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும், கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டியது) கணக்கிட வேண்டும். வெப்பநிலை இரண்டு மடங்கு ஆனால் வெளியேறுவது 16 மடங்கு. ஆகவே ரேடியேட்டரைக் கொதிக்கக் கொதிக்க வைத்திருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். ஒரு கிகாவாட் (நூறு கோடி வாட்) கழிவுச் சூட்டை 300 கெல்வினில் தள்ள இருபக்கப் பலகை ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். 1000 கெல்வினில் தள்ளினால் ஒன்பதாயிரம் சதுர மீட்டருக்குள் முடிந்துவிடும். பலகை சிவப்பாக ஜொலிக்கும், அது வேறு விஷயம்.

2009 அவதார் படத்தின் தொடக்கத்தில் வரும் பெரிய கலத்தைக் கவனித்திருந்தால், அதில் செக்கச் செவேலென்று ஒளிரும் பலகைகள் தெரியும். அலங்காரம் இல்லை, ரேடியேட்டர்தான். பெரிய பட்ஜெட் படத்தில் அதைக் காட்டத் துணிந்தவர்கள் குறைவு.

டிராயிங்_போர்டு:
இந்த விஷயத்தில் கலம் வரையும் எங்கள் ஆட்கள் பக்கம் ஒரு பழைய கதை இருக்கிறது, கேளுங்கள்.

1968இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி. அதில் வியாழனுக்குப் போகும் டிஸ்கவரி கலம், முன்னால் ஆட்கள் இருக்கும் உருண்டை, நடுவே நீண்ட முதுகெலும்பு, கடைசியில் என்ஜின். அணு சக்தியில் ஓடும் கலம். அந்தக் குழுவுக்கு ரேடியேட்டர் வேண்டும் என்று நன்றாகவே தெரியும், ஆரம்ப வரைபடங்களில் அகலமான பலகைகள் இருந்தன. பிறகு தூக்கிவிட்டார்கள். ஏன் தெரியுமா? பார்ப்பவர்கள் அதை இறக்கை என்று நினைத்துக்கொண்டு, காற்றே இல்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்று சிரிப்பார்கள் என்ற பயம்.

கொடுமையைப் பாருங்கள். அதற்குப் பிறகு வந்த படங்களில் எத்தனை கலங்களுக்கு நிஜமாகவே வேலையில்லாத இறக்கை! யாரும் சிரிக்கவில்லை. வேலை இருந்த இறக்கை மட்டும் வெட்டுப்பட்டது.

வெல்டிங்_வேலு:
இதற்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை.

கப்பல்_கரிமுத்து:
கடல் கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்ப்பவன். நீங்கள் எல்லாம் வெளியே நின்று பார்க்கிறீர்கள், நான் உள்ளே வந்து பார்க்கிறேன்.

முதலில் பிரிட்ஜ், அதாவது கேப்டன் நின்று கலத்தை நடத்தும் அறை. கப்பலில் பிரிட்ஜ் ஏன் உச்சியில் இருக்கிறது? கண்ணால் பார்க்க வேண்டும், அடிவானம் வேண்டும், துறைமுகத்துக்குள் நுழையும்போது முனை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். விண்வெளியில் அடிவானம் எங்கே? எதிரி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான், கண்ணாடி வழியாக என்னத்தைப் பார்ப்பது? ஸ்டார் வார்ஸில் அந்த முக்கோணப் போர்க்கலத்தின் உச்சியில் கோபுரம் கட்டி, அதில் கண்ணாடி வைத்து, கேப்டனையும் அங்கேயே நிற்க வைத்திருக்கிறார்கள். "இங்கே சுடு" என்று போர்டு மாட்டியதுபோல. இன்றைய நிஜப் போர்க்கப்பலிலேயே சண்டையை நடத்தும் அறை உள்ளே, ஜன்னலே இல்லாத இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது, தாழ்வாரங்கள். எந்தப் படத்திலும் ஒரு வால்வுக்கு டேக் இல்லை. எந்தக் குழாயில் எது ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற வண்ணப் பட்டை இல்லை. கரண்ட் போய் இருட்டில் புகைக்குள் ஒருவன் கையால் தடவிப் போக வேண்டிய நாள் வரும், அன்றைக்கு அவனுக்கு அந்த வால்வு கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், எதிரே முழங்கை மடக்க இடம் இருக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு கப்பலில் ஒரு ஃபில்டரைக் கழற்ற வேண்டுமானால் முதலில் பக்கத்துக் குழாயைக் கழற்ற வேண்டும், வரைந்த மகானுக்கு ஸ்பேனர் சுற்ற இடம் வேண்டும் என்று தோன்றவே இல்லை. எந்தப் பெயர் சொல்லியும் புண்ணியமில்லை. சினிமாக் கலங்களில் எல்லாமே அந்த மகான் வரைந்ததுதான். பேனலைத் திறந்தால் பொறி பறக்கும், உள்ளே பல வண்ண லைட், ஒரு ஃபியூஸ் இல்லை.

உதிரிபாகம் எங்கே வைக்கிறார்கள் என்றும் ஒரு படத்திலாவது பார்த்துச் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன்:
கண்ணாடி இல்லாவிட்டால் ஹீரோ நட்சத்திரத்தை எப்படிப் பார்ப்பான்

கப்பல்_கரிமுத்து:
பார்க்கட்டும் தம்பி, விண்வெளி நிலையத்திலும் குபோலா என்று ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது, ஏழு ஜன்னல், நடுவில் இருப்பது 80 சென்டிமீட்டர் அகலம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வெளியே மூடி உண்டு, பார்க்காத நேரம் மூடிவிடுவார்கள். 1983இல் ஷட்டில் சேலஞ்சரின் ஜன்னலில் பெயிண்ட் துணுக்கு ஒன்று பட்டுச் சின்னக் குழி விழுந்தது, மில்லிமீட்டரில் கால் பங்குகூட இல்லாத துணுக்கு. சுற்றுப்பாதை வேகத்தில் பெயிண்டே தோட்டாதான். சினிமாவில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, பக்கத்தில் சோபா.

பௌதிக_வாத்தி:
காற்றழுத்தத்தையும் சேருங்கள். உள்ளே பூமியின் அழுத்தம், வெளியே ஒன்றுமில்லை என்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து டன் தள்ளும். மூன்றுக்கு மூன்று மீட்டர் தட்டைச் சுவரில் 90 டன். அதனால்தான் நிஜக் கலங்கள் எல்லாம் உருளை, உருண்டை, கூம்பு. தட்டையான பெரிய சுவர் கொண்ட கலத்தை வரையலாம், கட்டலாம், ஆனால் அந்தச் சுவர் புடைக்காமல் இருக்க உள்ளே போடும் ரிப்களின் எடை ஏறிக்கொண்டே போகும். விண்வெளியில் காற்றுத் தடை இல்லை, எந்த வடிவமும் ஓடும் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியில் காற்று இல்லை என்பதாலேயே உள்ளிருக்கும் காற்று வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

வெளிக்காற்றைப் பற்றி வடிவத்துக்குக் கவலை இல்லை என்பதற்கு நல்ல உதாரணம் அப்பல்லோவின் நிலவிறங்கு கலம். அழகு என்ற சொல்லுக்கே இடமில்லை. எடையைக் குறைக்க நாற்காலியையே எடுத்துவிட்டார்கள், நின்றுகொண்டேதான் இறங்கினார்கள். நின்றால் கண் ஜன்னலுக்கு அருகில் வரும், ஆகவே ஜன்னலும் சின்ன முக்கோணமாகச் சுருங்கியது. அறைச் சுவர் சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர். சந்திரயான் 3இன் விக்ரமும் அந்த ஜாதிதான், நான்கு கால் வைத்த பெட்டி, சுற்றி வெப்பக் காப்புத் தாள். இரண்டையும் எந்தக் குழந்தையும் பொம்மையாகக் கேட்டு அழாது, இரண்டும் போய் இறங்கின.

டிராயிங்_போர்டு:
அதுதான் சார் எங்கள் பிரச்சினை. பொம்மை விற்க வேண்டும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் கேம்களுக்குக் கலம் வரைகிறேன். கலத்தைத் திரையில் பார்த்த அரை வினாடிக்குள் எது முன்பக்கம், யார் கட்சி, எவ்வளவு பெரிசு என்று மூன்றும் புரிய வேண்டும். இறக்கை வைத்தால் திசை புரிகிறது. ஸ்டார் வார்ஸின் குட்டிக் கலங்கள் சாய்ந்து திரும்புவது தப்பு என்று எல்லோரும் சொல்கிறோம், காற்றில்லாத இடத்தில் சாய்வதால் எந்தத் திருப்பமும் கிடைக்காது. ஆனால் அந்தச் சண்டைக் காட்சிகளுக்கு இயக்குநர் லூகாஸ் மாதிரியாக எடுத்துக்கொண்டது இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைப் படச்சுருள்களை. பார்த்த கண்ணுக்குப் பழகிய அசைவு அது. நிஜமாகச் செய்தால் எப்படி இருக்கும்? பாபிலோன் 5 தொடரில் ஸ்டார்ஃப்யூரி என்ற கலம் செய்து காட்டியது. நான்கு கைகளின் முனையில் என்ஜின், நிறை மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் சின்ன உந்தலிலேயே சுழலும், முன்னால் போய்க்கொண்டே பின்னால் திரும்பிச் சுடும். பொறியியல்படி அருமை. ஆனால் முதல் முறை பார்க்கும்போது எது எங்கே போகிறது என்று தலை சுற்றும்.

ஏசி_சரவணன்:
தலை சுற்றல் என்றதும் ஞாபகம் வந்தது, சுழலும் சக்கரம் வைத்த கலங்களைப் பற்றி வாத்தியார் சொல்ல வேண்டும்.

பௌதிக_வாத்தி:
அதில் கணக்கு சுலபம், மனிதர்கள்தான் கஷ்டம். நிமிடத்துக்கு 2 சுற்று சுற்றினால் பூமி ஈர்ப்பு கிடைக்க ஆரம் 224 மீட்டர் வேண்டும். 4 சுற்று என்றால் 56 மீட்டர் போதும். ஆரத்தைக் குறைக்கக் குறைக்க வேகமாகச் சுற்ற வேண்டும், வேகமாகச் சுற்றும் அறையில் தலையைத் திருப்பினாலே காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பிக் குமட்டல் வரும். பழக்கினால் ஓரளவு தாங்கலாம், ஆனாலும் வேகம் குறைவாக இருப்பது நல்லது.

2001 படத்தில் ஒருவர் வட்டமாக ஓடும் அந்த அறை, நிஜமாகவே சுற்றும்படி கட்டிய செட், விட்டம் சுமார் 11.6 மீட்டர். கதைக்குள்ளும் அதே அளவுதான் என்றால், நின்றிருப்பவரின் தலையில் இருக்கும் ஈர்ப்பு பாதத்தில் இருப்பதில் 70 சதவீதம்தான். குனிந்து எதையாவது எடுத்து நிமிர்ந்தால் உடம்புக்குத் தெரியும். முழு ஈர்ப்பு வேண்டுமென்றால் நிமிடத்துக்குப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும், வாந்திப் பை கட்டாயம். அங்கே அவ்வளவு வேகமாகச் சுற்றவில்லை, நிலவின் ஈர்ப்பை ஒட்டிய அளவு என்று வைத்தால் ஓடும்.

இன்டர்ஸ்டெல்லார் படத்தின் கலம் இன்னும் சுவாரசியம். பன்னிரண்டு பெட்டிகள் சேர்ந்த வளையம், விட்டம் சுமார் 64 மீட்டர், நிமிடத்துக்கு 5.6 சுற்று. போட்டுப் பாருங்கள், பூமி ஈர்ப்பை ஒட்டியே வருகிறது, யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இன்னொரு கலம் வந்து இணையும் அந்தப் புகழ்பெற்ற டாக்கிங் காட்சியில் சுழற்சி 68க்கு ஏறுகிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். வளையத்தின் விளிம்பில் பூமியைப்போல 165 மடங்கு. ஒரு டன் பெட்டி 165 டன் பாரமாக வெளியே இழுக்கும். டாக்கிங் வளையத்தின் மையத்தில் நடப்பதால் ஹீரோ பிழைப்பது சரி, அந்த வளையம் எப்படிப் பிழைத்தது? வேலு சொல்லட்டும்.

வெல்டிங்_வேலு:
165 மடங்கா! ஏற்கெனவே ஒரு பக்கம் வெடித்துப் பெட்டிகள் பிய்ந்து போய் நிறை சமம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் வளையம் அது. கையெழுத்து போகட்டும், அந்தப் பக்கமே நிற்க மாட்டேன்.

ஆனால் ஒன்று, நிஜத்தில் இதுவரை ஆட்களை வைத்துச் சுழற்றியது எவ்வளவு என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1966இல் ஜெமினி 11 ஒரு அஜீனா கலத்தோடு 30 மீட்டர் பட்டையால் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றியது, ஏதோ சில பொருட்கள் சுவர் பக்கம் நகரும் அளவுக்கு ஈர்ப்பு. அதற்குப் பிறகு ஈர்ப்புக்காக ஒரு முழுக் கலத்தையே ஆட்களோடு சுழற்ற யாரும் முனையவில்லை. அதனால் இந்த விஷயத்தில் கதைக்காரர்களை ரொம்பத் திட்டவும் முடியாது, பின்பற்ற நிஜம் எதுவும் அவர்கள் கையில் இல்லை.

புதுமுகம்_நிலா:
முதல் பதிவு, தவறு இருந்தால் மன்னிக்கவும் 🙂 யாரும் தி எக்ஸ்பான்ஸ் பற்றிப் பேசவில்லையே? அதில் தளங்கள் எல்லாம் மாடிக் கட்டடம்போல அடுக்கியிருக்கும், என்ஜின் அடித்தளத்துக்குக் கீழே. என்ஜின் தள்ளும்போது தரை உங்களைத் தள்ளும், அதுதான் ஈர்ப்பு. என்ஜினை அணைத்தால் மிதப்பார்கள். பாதி வழியில் கலத்தைத் திருப்பி வேகத்தைக் குறைப்பார்கள், அப்போதும் தரை அதே பக்கம். வேறு எந்தத் தொடரிலும் இவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை.

வெல்டிங்_வேலு:
வாங்க நிலா. நான் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே தள அமைப்பு அதுதான். மற்ற எல்லாக் கலத்திலும் விமானம் மாதிரிப் படுத்த வாக்கில் தரை போட்டுவிட்டு, பின்னாலிருந்து என்ஜின் தள்ளும்போது ஆட்கள் ஏன் பின்சுவரில் போய் ஒட்டவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

ஏசி_சரவணன்:
தளம் சரி நிலா, சூடு? ஒரு கணக்கு. ஆயிரம் டன் கலம், பூமி ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு முடுக்கம். எரிபொருளைக் குறைவாகச் செலவழித்து வாரக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் வெளியேறும் புகை பயங்கர வேகத்தில் போக வேண்டும், வினாடிக்கு 3000 கிலோமீட்டர் என்று வைப்போம். அந்தப் புகைத்தாரையில் மட்டும் இருக்கும் ஆற்றல் ஐந்து டெராவாட்டுக்குப் பக்கம். உலகம் முழுக்க உற்பத்தியாகும் மின்சாரம் சராசரியாக மூன்றரை டெராவாட் சுமார்தான். சரி, என்ஜின் தெய்வப் பிறவி, ஆயிரத்தில் ஒரு பங்கு சூடு மட்டும்தான் கலத்துக்குள் வருகிறது என்று விட்டுக்கொடுக்கிறேன். அதுவே ஐந்து கிகாவாட். ரேடியேட்டரை 1300 கெல்வினில் பழுக்க வைத்தாலும் பதினைந்தாயிரம் சதுர மீட்டர், மூன்றே முக்கால் ஏக்கர். அந்தக் கலத்தில் அது எங்கே?

புதுமுகம்_நிலா:
அது கதைக்காரர் கேட்ட வரத்துக்குள் வராதா? 😅

ஏசி_சரவணன்:
என்ஜின் வரம். சூடு வரமில்லை. சூட்டுக்கு யாருக்கும் வரம் கிடையாது.

பௌதிக_வாத்தி:
பேப்பரில் நேர்மையாகப் போட்ட டிசைன் பார்க்க வேண்டுமானால் டேடலஸ் திட்டத்தைப் பாருங்கள். 1973 முதல் 1978 வரை பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டிக்காரர்கள் வேலை நேரத்துக்கு வெளியே உட்கார்ந்து போட்டது. ஆளில்லாத கலம், பர்னார்டு நட்சத்திரத்துக்கு ஐம்பது ஆண்டுப் பயணம், ஒளி வேகத்தில் 12 சதவீதம். புறப்படும்போது 54,000 டன், அதில் 50,000 டன் எரிபொருள். அதாவது நட்சத்திரத்துக்குப் போகும் கலத்தை நேர்மையாக வரைந்தால், எரிபொருள் உருண்டைகளுக்கு நடுவே எங்கோ கொஞ்சம் கலம் இருக்கும். அதுவும் போய்ச் சேர்ந்ததும் நிற்காது, பறந்து கடந்துவிடும், பிரேக் போட எரிபொருள் இல்லை. சினிமாக் கலங்களில் எரிபொருள் டேங்க் எங்கே என்று தேடினால் காரில் இருக்கும் அளவுக்குக்கூட இருக்காது.

மேலே சொன்ன அவதார் கலத்தில் இன்னொரு நல்ல விஷயமும் உண்டு, என்ஜின் முன்னால். பின்னாலிருந்து தள்ளாமல் முன்னாலிருந்து இழுக்கிறது. தள்ளினால் நடுச் சட்டம் நசுங்காமல், வளையாமல் இருக்கத் தடியாக இருக்க வேண்டும். இழுத்தால் அது விறைப்பாக நிற்கும் கம்பியாக இருந்தாலே போதும், எடை பல மடங்கு குறையும்.

வெல்டிங்_வேலு:
புகை பின்னால் வரும் ஆட்கள் மேல் படுமே?

பௌதிக_வாத்தி:
என்ஜின்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வைப்பார்கள். உந்துவிசையில் சிறிது நஷ்டம், எடையில் பெரிய லாபம்.

கப்பல்_கரிமுத்து:
எல்லோரும் இறக்கையைத் திட்டுகிறீர்கள், நிஜக் கலத்திலும் தண்ட இறக்கை இருந்தது. ஷட்டிலின் அவ்வளவு பெரிய முக்கோண இறக்கை எதற்கு என்று தேடிப் பாருங்கள். அமெரிக்க விமானப்படை, ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், அதற்குள் பூமி சுழன்றிருக்கும், ஆகவே பக்கவாட்டில் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் விலகிப் பறக்க முடிய வேண்டும் என்று கேட்டது. அந்த மாதிரிப் பயணம் ஒன்றுகூடக் கடைசிவரை நடக்கவில்லை. இறக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் மேலே போய் வந்தது. ஆபீஸ் அரசியல் வரைந்த இறக்கையைவிட டைரக்டர் வரைந்த இறக்கை மேல், எடை இல்லை.

புதுமுகம்_நிலா:
எதிர்ப்பக்கமும் சொல்லலாம். 1950களின் கதைகளில் ராக்கெட் வாலால் இறங்கும், காலை நீட்டி நெருப்பைக் கக்கிக்கொண்டு நேராக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து பல காலம் அதைக் கேலி செய்தார்கள். 2015 டிசம்பரில் ஃபால்கன் 9 அப்படியேதான் வந்து நின்றது.

டிராயிங்_போர்டு:
நிலா 👏

சரி, என் சுயநலக் கேள்வி. இந்த இழையைப் படித்ததிலிருந்து ஒரு போர்க்கலம் வரைந்துகொண்டிருக்கிறேன், ரேடியேட்டரோடு. ஆனால் சண்டையில் அதுதான் முதல் இலக்கு ஆகிவிடுமே? அவ்வளவு பெரிசு, அவ்வளவு மெல்லிசு, சிவப்பாக வேறு ஜொலிக்கிறது.

ஏசி_சரவணன்:
சண்டையே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். 2022 டிசம்பரில் விண்வெளி நிலையத்தில் நின்றிருந்த சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் ரேடியேட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டை விழுந்து, குளிர்விக்கும் திரவம் முழுக்கப் பீய்ச்சி அடித்தது. நுண் விண்கல் பட்டது என்று ரஷ்யர்கள் சொன்னார்கள். அந்தக் கலத்தில் மூன்று பேரை இறக்கினால் உள்ளே சூடு ஏறிவிடும் என்று, அதைக் காலியாக இறக்கி, இவர்களுக்காக வேறு கலத்தைக் காலியாக அனுப்பினார்கள். அந்த மூவரில் ஒருவராக ஆறு மாதத்துக்குப் போன அமெரிக்க விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோ 371 நாள் கழித்து வந்தார். ஒரு ஓட்டை!

அதனால் உங்கள் கலத்தில் ரேடியேட்டர் மடிய வேண்டும். சண்டைக்கு முன்னால் மடித்து உள்ளே வைத்துவிட்டு, அதுவரை சூட்டை எதிலாவது சேர்த்து வைக்க வேண்டும். ஷட்டிலே இப்படித்தான், ரேடியேட்டர் சரக்கு அறைக் கதவின் உட்பக்கத்தில் இருந்தது. மேலே போனதும் கதவைத் திறக்க வேண்டும், திறக்க முடியாவிட்டால் சீக்கிரமே திரும்பிவிட வேண்டியதுதான். திறக்கும்வரை தண்ணீரை ஆவியாக்கி வெளியே விட்டுச் சமாளித்தார்கள்.

டிராயிங்_போர்டு:
மடித்துவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஏசி_சரவணன்:
சூடு எவ்வளவு என்று சொல்லுங்கள். ஒரு மெகாவாட் என்றால், ஒரு டன் தண்ணீர் பூஜ்யத்திலிருந்து நூறு டிகிரிக்குப் போக ஏழு நிமிடம். கொதித்து முழுக்க ஆவியாகி வெளியே போக இன்னொரு 38 நிமிடம், ஆனால் ஆவியை வெளியே விட்டால் எதிரிக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆவி விடாமல் சண்டை போட வேண்டுமானால் பத்து டன் தண்ணீருக்கு 70 நிமிடம்.

டிராயிங்_போர்டு:
70 நிமிடம், பிறகு நடுச் சண்டையில் ரேடியேட்டரை விரித்தே ஆக வேண்டும். இது போதும் எனக்கு, இதை வைத்தே ஒரு லெவல் செய்துவிடலாம். டேங்கை எங்கே வைப்பது, ஆட்களைச் சுற்றி வைக்கலாமா? கதிர்வீச்சுக்கும் தடுப்பாக இருக்குமே.

கப்பல்_கரிமுத்து:
தாராளமாக. ஆனால் நூறு டிகிரித் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் படுக்கை போடாதீர்கள். அப்புறம், டேங்குக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய மேன்ஹோல் வையுங்கள், அறுபது சென்டிமீட்டராவது. எல்லோரும் மறப்பது அதைத்தான்.